மீளமைக்கப்பட்ட பழைய பந்தயத் தானுந்துகளின் உண்மைத்தன்மை

மீளமைக்கப்பட்ட பழைய பந்தயத் தானுந்துகளின் உண்மைத்தன்மை என்பது, ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓடி, பின்னர் சிதைந்தோ பிரிக்கப்பட்டோ போய், மீண்டும் கட்டி எழுப்பப்பட்ட தானுந்தை (கார்) அதே பழைய தானுந்தாக ஏற்கலாமா என்ற வினாவைக் குறிக்கும். இதனோடு இணைந்தது வழிவரலாறு பற்றிய வினா. ஒரு தானுந்து உருவான நாள் முதல் யார் யார் கைக்கு மாறியது, எந்தப் பட்டறையில் எது மாற்றப்பட்டது என்பதற்கான சான்றுத் தொடரே வழிவரலாறு எனப்படுகிறது. பழைய பந்தயத் தானுந்துகள் பெருந்தொகைக்கு விற்கப்படுவதால் இவ்வினா ஏலக்கூடங்களையும் நீதிமன்றங்களையும் எட்டியுள்ளது.

சிக்கலின் தன்மை

வீட்டுப் பயன்பாட்டுக்கான தானுந்து ஒன்று, பேணப்பட்டால், பெரும்பாலும் தன் முதற்பாகங்களுடனேயே முதுமை அடைகிறது. பந்தயத் தானுந்து அவ்வாறன்று. பந்தயத்துக்குப் பந்தயம் அதன் பொறி கழற்றி மாற்றப்படும். மோதலில் வளைந்த அடிச்சட்டம் வெட்டி எறியப்படும். அடுத்த பருவத்தின் விதிகளுக்கு ஏற்ப உடற்கூடும் புதிதாகச் செய்யப்படும். ஆகவே பாகங்கள் மாறியிருப்பது ஒரு பந்தயத் தானுந்துக்குக் குறையன்று. சொல்லப்போனால், நெடுங்காலம் ஓடிய பந்தயத் தானுந்தில் எல்லாப் பாகங்களும் முதற்பாகங்களே என்று ஒருவர் கூறினால் அதுவே ஐயத்துக்குரியது.

கழற்றப்பட்ட பாகங்கள் அழிந்துவிடாமல் வேறொருவர் கைக்குச் சென்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. பழைய அடிச்சட்டத்தை வைத்து ஒருவரும், பழைய பொறியையும் உரிமை ஆவணத்தையும் வைத்து மற்றொருவரும் தனித்தனியே தானுந்து கட்டினால், ஒரே அடிச்சட்ட எண்ணுக்கு இரு உரிமையாளர்கள் தோன்றுவர். 2007 ஆம் ஆண்டில் பாரிசில் கிறிசுட்டீசு நிறுவனம் ஏலம் விடவிருந்த ஆட்டோ யூனியன் டி வகைத் தானுந்து, அதன் அடையாளமும் பந்தய வரலாறும் குறித்து ஐயம் எழுந்ததால் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டது.

பெண்ட்லி "ஓல்டு நம்பர் ஒன்" வழக்கு

இத்துறையில் மிகுதியாக எடுத்தாளப்படும் தீர்ப்பு 1990 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஓட்டன் வழங்கியதாகும். "ஓல்டு நம்பர் ஒன்" என அழைக்கப்பட்ட பெண்ட்லி ஸ்பீடு சிக்ஸ் தானுந்து, 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. இரு வெற்றிகளிலும் அதை ஓட்டியவர்களுள் ஒருவர் உல்ஃப் பர்னாட்டோ. பின்னர் அதற்கு வேறு அடிச்சட்டமும் 8 லிட்டர் பொறியும் பொருத்தப்பட்டன. 1932 ஆம் ஆண்டில் புரூக்லண்ட்சு ஓடுதளத்தில் நேர்ந்த விபத்தில் கிளைவ் டன்ஃபீ என்ற ஓட்டுநர் இதில் உயிரிழந்தார். அதன்பின் அது மூடிய கூடுடைய தானுந்தாகவும், பிற்காலத்தில் மீண்டும் பந்தய வடிவிலும் கட்டப்பட்டது.

இதனை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்த நிறுவனம், இது லெ மானில் வென்ற தானுந்து அன்று எனக் கூறிப் பணம் தர மறுத்ததே வழக்கின் தோற்றம். லெ மானில் ஓடிய காலத்துப் பாகங்கள் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பது விசாரணையில் தெளிவாயிற்று. எனினும் தீர்ப்பு விற்றவருக்குச் சார்பாகவே அமைந்தது. அத்தானுந்து எக்காலத்திலும் இல்லாமற் போனதில்லை என்றும், ஒவ்வொரு மாற்றமும் முந்தைய நிலையிலிருந்து இடைவெளியின்றித் தொடர்ந்தது என்றும், அப்பெயருக்கு உரிமை கோரத்தக்க வேறு தானுந்து எதுவும் இல்லை என்றும் நீதிமன்றம் கண்டது. பாகங்களின் பழமையைவிட வரலாற்றின் தொடர்ச்சியே அடையாளத்தைத் தீர்மானிக்கும் என்ற கருத்து இத்தீர்ப்பால் வலுப்பெற்றது.

புதிதாகச் செய்யப்படும் பழைய தானுந்துகள்

அர்கெந்தீனாவின் பூர் சாங் நிறுவனம் புகாட்டி 35 வகைத் தானுந்துகளைப் பழைய முறைப்படி புதிதாகச் செய்கிறது. 1957 ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அழிந்த ஒன்பது எக்சுகே எசுஎசு தானுந்துகளுக்கு ஈடாக ஒன்பதைப் புதிதாகக் கட்டப்போவதாக சாகுவார் நிறுவனம் 2016 இல் அறிவித்தது. செய்தவர் பெயரும் ஆண்டும் மறைக்கப்படாத வரை இவை ஏமாற்று அல்ல. சில விற்பனைகளுக்குப் பின் அக்குறிப்புகள் தொலைந்து போவதே அச்சத்துக்குரியது.

பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பு வரலாற்றுப் பந்தயங்களுக்காக வழங்கும் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு, தானுந்தின் கட்டமைப்பு அக்கால விதிகளுக்கு ஒத்துள்ளது என்பதை மட்டுமே காட்டும். அதனை உண்மைத்தன்மைக்கான சான்றாக விளம்பரப்படுத்துவது தவறாகும்.

தமிழ்நாட்டில்

சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்கால வானூர்தி ஓடுதளமான சோழவரத்தில், 1953 இல் தொடங்கப்பட்ட மதராசு மோட்டார் ஸ்போர்ட்சு கிளப் பல்லாண்டுகள் பந்தயங்களை நடத்தியது. 1990 இல் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் திறக்கப்பட்டது. சோழவரத்தில் இருவகைத் தானுந்துகள் ஓடின. ஒன்று ஐரோப்பாவிலிருந்து வந்தவை. 1980களின் முற்பகுதியில் விசய் மல்லையா ஓட்டிய என்சைன் பார்முலா 1 தானுந்து இதற்கு எடுத்துக்காட்டு. இத்தகையவற்றுக்கு ஐரோப்பியப் பந்தயக் குறிப்புகள் துணை நிற்கின்றன. மற்றொன்று அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு எரால்டு ஆகியவற்றை உள்ளூர்ப் பட்டறைகளில் மாற்றிக் கட்டியவை. உதிரிப்பாக இறக்குமதி கடினமாயிருந்த அக்காலத்தில், உடைந்ததைக் கடைசல் பொறியில் செய்து பொருத்துவதே வழக்கம். அம்மாற்றங்களுள் பல எழுத்தில் பதியப்படாமல் மெக்கானிக்குகளின் நினைவில் மட்டுமே தங்கின.

கோயம்புத்தூரின் சு. கரிவரதன் (இறப்பு: 1995) உருவாக்கிய பார்முலா மாருதி தானுந்துகள் வேறுவகைச் சிக்கலைத் தருகின்றன. மாருதி 800 இன் பொறியைக் கொண்ட இவை ஒரே வடிவில் பல செய்யப்பட்டவை; ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும். நரேன் கார்த்திகேயன் தம் தொடக்கக் காலத்தில் இவ்வகைத் தானுந்தை ஓட்டினார். இன்று ஒருவர் தம்மிடமுள்ளதை அவர் ஓட்டியதாகக் கூறின், அடிச்சட்ட எண்ணும் அக்காலப் பந்தயப் பதிவும் நிழற்படமும் ஒத்துவந்தாலன்றி அதனை ஏற்க இயலாது.

எல்லைப் பகுதியும் ஆவணங்களும்

பெங்களூருவை ஒட்டிய ஓசூர், கிருட்டிணகிரி, பர்கூர் தொழிற்பகுதியில் வழிவரலாற்றை ஆராய்வோர் ஊர்ப்பெயர்களில் கவனம் கொள்ளவேண்டும். பர்கூர் 1965 வரை சேலம் மாவட்டத்திலும், 2004 வரை தருமபுரி மாவட்டத்திலும், அதன்பின் கிருட்டிணகிரி மாவட்டத்திலும் அமைந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள மாநிலம் 1973 வரை மைசூர் எனப்பட்டது. ஆகவே ஒரே முகவரி மூன்று மாவட்டப் பெயர்களில் காணப்படுவது போலி ஆவணத்தின் அடையாளமன்று. மாறாக, 1970 ஆம் ஆண்டுத் தேதியிட்ட பற்றுச்சீட்டில் "கிருட்டிணகிரி மாவட்டம்" என்றிருந்தால் அது பிற்காலத்தில் எழுதப்பட்டதே.

பதிவெண்ணும் நிலையானதன்று. ஒரு மாநிலத்தில் பதிவான ஊர்தி வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால் அங்கே புதிய பதிவெண் பெறவேண்டும். பெங்களூருவிலிருந்து ஓசூருக்கு வந்த தானுந்து இவ்வாறு "டிஎன் 70" வரிசை எண்ணைப் பெறக்கூடும். அதன் அடிச்சட்ட எண் மட்டும் மாறாது. தடையின்மைச் சான்றின் படி பாதுகாக்கப்படாவிடில் வழிவரலாறு அந்த எல்லையிலேயே அறுந்துவிடும்.

2021 ஆம் ஆண்டு விதிகள்

இந்திய அரசு 2021 சூலையில் பழம்பெரும் ஊர்திகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்குசக்கர ஊர்திகளுக்கு இவை பொருந்தும். புதிய பதிவெண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து "விஏ" என்ற எழுத்துகள் இடம்பெறும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். இறக்குமதியான ஊர்திக்குச் சுங்க நுழைவுச் சீட்டும் தேவை.

ஊர்தி அதன் மூல வடிவில் இருக்கவேண்டும் என்றும், அடிச்சட்டம், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது என்றும் இவ்விதிகள் கூறுகின்றன. சாலைத் தானுந்துகளுக்கு இது பொருத்தமான அளவுகோலே. ஆயினும், பெண்ட்லி வழக்கில் வென்ற தானுந்து இவ்வரையறையை நிறைவு செய்வது அரிது. சோழவரத்துக்கென மாற்றிக் கட்டப்பட்ட ஓர் எரால்டின் நிலையும் அதுவே. அதன் பந்தயக்கால மாற்றங்களை நீக்கி, தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவுக்குக் கொண்டுவந்தால் பதிவு பெறுவது எளிதாகலாம். ஆனால் அது சோழவரத்தில் ஓடியதற்கான அடையாளங்கள் அப்போது நீங்கிவிடும்.