இடாப்பில் மாறிய பெயர்கள்

ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் பாடசாலைகளில் மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டும் விழா நடைபெறும். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, அதிபர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துச் சின்னத்தை அணிவிப்பார். அவர்கள் சொல்லவேண்டிய உறுதிமொழியை எழுதிக் கொடுப்பது தமிழாசிரியனாகிய என் பொறுப்பு. 'எமது சமூகத்தின் பெருமையைக் காப்பேன்' என்று ஆண்டுதோறும் எழுதி வந்தேன். இம்முறை அந்த வரியில் பேனா தயங்கி நின்றுவிட்டது. அதற்குக் காரணம் கல்கத்தாவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடம். அதன் கதையையே இன்று சொல்ல விழைகிறேன்.

கல்கத்தாவும் எங்கள் திருகோணமலையைப் போல வங்கக் கடலின் வணிகத்தோடு வளர்ந்த இடந்தான். 1798 ஆம் ஆண்டில் அலெப்போ நகரத்து யூதரான சாலோம் கொஹென் அங்கு வந்து சேர்ந்தார். அவருக்குப் பின் பக்தாத்திலிருந்து பல குடும்பங்கள் வந்தன. அவுரி, பட்டு, அபின் என்று வாணிகம் செய்து செல்வம் சேர்த்தார்கள். 1856 இல் பெத் எல், 1884 இல் மாகன் டேவிட் எனப் பெரிய தொழுகை ஆலயங்களை எழுப்பினார்கள். வீட்டில் பேசியது அரபு; வழிபாட்டில் ஓதியது எபிரேயம்; காலப்போக்கில் ஆங்கிலமே அவர்களுக்கு வீட்டுமொழியாயிற்று.

இந்த மாற்றத்துக்கு நடுவில்தான் 1881 இல் யூதப் பெண்கள் பாடசாலை தோன்றியது. கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளில் படித்த தங்கள் பிள்ளைகள் தம் சமயத்தை மறந்துவிடுவார்களோ என்ற அச்சம் அச்சமூகத்தாரிடம் இருந்தது. ஆங்கிலக் கல்வியும் வேண்டும், எபிரேயமும் வேண்டும்; இரண்டையும் ஒரே கூரையின் கீழ் தரத் தங்களுக்கென ஒரு பள்ளியை நிறுவிக்கொண்டார்கள்.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு யாருடைய நினைவு வருகிறது? ஆறுமுக நாவலர் பெருமான் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இதே கவலையால் அல்லவா? மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, அந்த முறையின் வலிமையை உள்ளிருந்து அறிந்தவர் அவர். 1897 இல் திருகோணமலையில் இந்துக் கல்லூரி எழுந்ததும் அந்த அலையின் தொடர்ச்சியே. பக்தாத் யூதரும் ஈழத்துச் சைவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒரே நூற்றாண்டில், ஒரே அச்சத்துக்கு, ஒரே மருந்தைத் தேடினார்கள்.

கல்கத்தாப் பள்ளி வெறும் வகுப்பறையாக இருக்கவில்லை. றாமா லூடி என்னும் அம்மையார் நெடுங்காலம் அதன் தலைமையாசிரியையாக இருந்தார். மாணவியராக அதற்குள் சென்றவர்கள் ஆசிரியைகளாகவும் அலுவலகப் பணியாளராகவும் சமூகத் தொண்டராகவும் வெளியே வந்தார்கள். பாட்டிமார் வீட்டுக்குள் அரபு பேசி வாழ்ந்த இடத்தில், பேத்திமார் மேடையேறி ஆங்கிலத்தில் பேசினார்கள். யூதப் பெண்கள் சங்கம், மக்காபி விளையாட்டுக் கழகம், ஜூதியன் கழகம் என்று அச்சமூகத்துக்குப் பல அமைப்புகள் இருந்தன. அவற்றை நடத்தும் கைகள் பள்ளியில்தான் பழகின.

1942 இல் யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அங்கிருந்த யூதர் பலர் கல்கத்தாவுக்கு ஓடிவந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி எங்கள் துறைமுகத்தின் மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்தப் போர்க்காலத்தில் கல்கத்தா யூதர் தொகை ஏறத்தாழ 5,000 ஆக உயர்ந்தது. பின்னர் 1947 இல் இந்தியா விடுதலை பெற்றது. 1948 இல் இஸ்ரேல் உருவாயிற்று. அவர்கள் இங்கிலாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டார்கள். எவரும் அவர்களைத் துரத்தவில்லை. ஒரு குடும்பம் போனதால் அடுத்த குடும்பமும் போயிற்று. இன்று அங்கு எஞ்சியிருப்போர் சில பத்துப்பேர்கூட இல்லை. யூதரின் கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் கூடவேண்டும் என்பது விதி. அந்தப் பெரிய ஆலயங்களில் அந்தப் பத்துப்பேர் சேர்வதே அரிது. விளக்குகளைத் துடைத்துக் கதவுகளைத் திறந்து பூட்டி, தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பேணி வருபவர்கள் முஸ்லிம் காவலர்கள்.

பள்ளி என்னவாயிற்று? மூடப்படவில்லை. யூதப் பிள்ளைகள் குறையக் குறைய மற்றச் சமூகத்துப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. இன்றும் பார்க் வீதியில் அதே பெயருடன் இயங்குகிறது. மாணவியரில் மிகப் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்களின் பள்ளிச் சின்னத்தில் தாவீதின் விண்மீன் இருக்கிறது. மாணவத் தலைவியரும் அவர்களிலிருந்துதானே வரவேண்டும்! தன் சமூகத்தைக் காக்கக் கட்டிய பள்ளியை இன்று காப்பவர்கள் பிறர் பெற்ற பிள்ளைகள்.

நேயர்களே, இவ்விடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. பல மாதங்களின் பின் வகுப்புக்குத் திரும்பினோம். ஆசிரியர் இடாப்பை வாசித்தார். பெயருக்குப் பெயர் மௌனம். பாதியில் இடாப்பை மூடிவிட்டு, "இருக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்றார். எங்கள் வகுப்புத் தலைவன் தாயோடு படகேறி இந்தியாவுக்குப் போயிருந்தான். அவனுடைய இடத்தில், மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு பையனை ஆசிரியர் நியமித்தார். எங்களுக்குப் பொறுக்கவில்லை. 'வந்தான் வரத்தான்' என்று அவன் காதில் விழும்படி சொன்னோம். அவன் ஒன்றும் பேசவில்லை. நாள்தோறும் முதலாவதாக வந்து யன்னல்களைத் திறந்தான், கரும்பலகையைத் துடைத்தான், குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்தான். நாங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தோம். மன்னிப்புக் கேட்குமுன் அவனும் வேறெங்கோ போய்விட்டான்.

தலைமை என்றால் என்ன என்று கேட்கும்போது எனக்கு இன்னொரு பெயரும் நினைவுக்கு வருகிறது. போலந்து நாட்டு வார்சோ நகரில் 1912 முதல் யூத அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர் மருத்துவர் யானுஷ் கொர்சாக். அங்கே பிள்ளைகளே பாராளுமன்றம் அமைத்தார்கள்; பிள்ளைகளே நீதிபதிகளாக அமர்ந்தார்கள். அந்த நீதிமன்றத்தின் முன் கொர்சாக்கும் நின்றதுண்டு. அதன் சட்டக்கோவையில் முன்னே நின்றவை மன்னிப்புக்கான விதிகளே. 1942 யூலை 18 ஆம் திகதி, நாஸிகள் அடைத்து வைத்த சேரியில், அப்பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது கல்கத்தாவில் பிறந்த தாகூரின் 'அஞ்சல் நிலையம்'. நோயுற்ற சிறுவன் ஒருவன் யன்னலருகே அரசனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் கதை. சில வாரங்களில், ஓகஸ்ட் மாதத்தில், ஏறத்தாழ 200 பிள்ளைகளோடு கொர்சாக்கும் திறெபிளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தப்பிச் செல்ல வழி வந்தபோதும் அவர் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை.

மன்னிக்கத் தெரிந்த சிறு நீதிபதிகள் வார்சோவில். பிறர் விட்டுச்சென்ற பெயரைச் சுமக்கும் மாணவியர் கல்கத்தாவில். தண்ணீர் நிரப்பிய பையன் எங்கள் வகுப்பில். இவர்களையெல்லாம் நினைத்தபின் பழைய உறுதிமொழியை என்னால் அப்படியே எழுத முடியவில்லை. உட்துறைமுகக் கரையில் நின்று பார்த்தால், இவ்வூரில் யார்தான் ஏதோ ஒரு காலத்தில் வந்து இறங்காதவர்?

அந்த வரியை வெட்டிவிட்டு வேறொன்று எழுதினேன்: 'இப்பாடசாலைக்கு வரும் எந்தப் பிள்ளைக்கும் கதவைத் திறந்து வைப்பேன்.' அதிபர் வாசித்தார்; கண்ணாடியைக் கழற்றி மீண்டும் ஒருமுறை வாசித்தார். "சரி மாஸ்டர், இப்படியே இருக்கட்டும்" என்றார்.