தாது வருடப் பஞ்சமும் சூரியப் புள்ளிகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் மக்களுக்கு வானத்தைப் பார்ப்பது பொழுதுபோக்கு அன்று. கண்மாய் நிறைவதும் குண்டாற்றில் நீர் வருவதும் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பொறுத்தவை. 1876 இல் அந்த மழை பொய்த்தது. இராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டு, மதுரை ஜில்லாவில் இருந்த இப்பகுதி உட்பட, சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியைத் ‘தாது வருடப் பஞ்சம்’ 1878 வரை வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

அப்போதுதான் ஒரு வினா எழுந்தது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவதை ஜெர்மானியரான ஷ்வாபே 1843 இல் அறிவித்திருந்தார். சென்னையின் மழைக் கணக்கை அதனோடு ஒப்பிட்ட வில்லியம் ஹண்டர் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்று 1877 இல் எழுதினார். பட்டினியால் வாடிய மக்களுக்கு அரசின் தானியக் கொள்கையைவிடச் சூரியனைக் காரணம் காட்டுவது ஆட்சியாளர்களுக்கு வசதியாகவும் இருந்திருக்கும்! அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் பிடித்தபோது, மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டதும், அண்ணலார் அதை மறுத்துரைத்ததும் இங்கே நினைவுக்கு வருகின்றன.

ஆயினும் அந்த எதிர்பார்ப்பினால் ஒரு நன்மை விளைந்தது. சூரியனை அன்றாடம் நோக்கினால் பருவமழையை முன்னறியலாம் என்ற நம்பிக்கையும் ஒரு காரணமாக, பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் வானாய்வகம் 1899 இல் அமைந்தது. 1907 இல் அங்கு வந்த ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரி 5 ஆம் நாள், புள்ளியொன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து நோக்கினார்.

நம்மை நெருங்கி வரும் இரயிலின் ஊதல் உரத்த சுருதியிலும், விலகிச் செல்லும்போது தாழ்ந்த சுருதியிலும் கேட்கும். ஒளியும் அவ்வாறே: நெருங்கும் பொருளின் ஒளிக்கோடு நீலப் பக்கமும், விலகும் பொருளின் கோடு சிவப்புப் பக்கமும் சற்று நகரும். புள்ளியின் கருமையைச் சூழ்ந்த மங்கலான வளையத்தில், சூரிய வட்டத்தின் நடுவை நோக்கிய பக்கம் கோடு நீலத்துக்கும், விளிம்பை நோக்கிய பக்கம் சிவப்புக்கும் நகர்ந்திருந்தது. வாயு சுழலவில்லை, புள்ளியின் உள்ளிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கி ஓடுகிறது என்பதே இதன் பொருள். சுழற்காற்றை எதிர்பார்த்திருந்த அக்கால அறிஞர்களுக்கு இது வியப்பை அளித்தது.

இங்கேதான் இயக்கவிதிகளும் அழியாமை விதியும் குறுக்கிடுகின்றன. வாயுவின் வேகம் விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கொள்வோம். பத்தாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள வளையத்தை அது ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும். புள்ளியோ பல நாள், சிலவேளை பல வாரம் நிலைக்கிறது. பொருள் ஒன்றுமில்லாமையிலிருந்து தோன்றுவதில்லை, மாயமாய் மறைவதுமில்லை. அப்படியாயின், ஓடும் வாயு எங்கிருந்து வந்து எங்கே போகிறது? உட்பகுதியில் கீழிருந்து எழும்பி, காந்தப் புலத்தின் வழியே ஓடி, வெளி ஓரத்தில் மீண்டும் அமிழ்கிறது என்பது பிற்கால ஆய்வில் தெளிந்தது. புள்ளி கறுத்துத் தோன்றுவதற்கும் அக்காந்தப் புலமே காரணம். கீழிருந்து வெப்பத்தைச் சுமந்து வரும் கொதிப்பை அது தடுப்பதால், சுற்றுப்புறத்தைவிட அவ்விடம் குளிர்ந்திருக்கிறது.

மழையின் கதை வேறாக முடிந்தது. 1904 முதல் இந்திய வானிலைத் துறையை நடத்திய கில்பர்ட் வாக்கர், புள்ளிகளுக்கும் மழைக்கும் உறுதியான தொடர்பைக் காணவில்லை. அவர் கண்டது பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் மேல் காற்றழுத்தம் ஊசலாடுவதை. 1877-78 வறட்சிக்குப் பசிபிக் நீர் வெப்பமடைந்த எல் நினோ ஒரு பெருங்காரணம் என இன்று கருதப்படுகிறது.

கொடைக்கானலில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இன்று எண்ணியல் வடிவில் உள்ளன. மழையை முன்னறிய அன்று. சூரியனின் காந்தம் நூறாண்டுகளில் எப்படி மாறியது என்று கணக்கிட அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.