பொற்றாளம் முதல் ஜால்ரா வரை

சீர்காழிக்கு அருகே திருக்கோலக்காவில் உள்ள சிவன் கோயிலுக்குத் தாளமுடையார் கோயில் என்று பெயர். 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானசம்பந்தர், குழந்தைப் பருவத்தில் இங்கே கைகொட்டிப் பாடினார் என்பது தலபுராணம். பிஞ்சுக் கை நோகுமே என்று இறைவன் ஒரு சோடிப் பொற்றாளம் கொடுத்தாராம். பொன்னில் ஓசை எழ வேண்டுமே. அதை அம்மன் தந்தாள். அவள் பெயர் ஓசைகொடுத்த நாயகி.

தாளத்துக்கென்று ஒரு கோயிலே கொண்ட மொழியில், "ஜால்ரா போடுகிறான்" என்பது இன்று வசைச்சொல். கைக்குள் அடங்கும் அதே இரண்டு தட்டுகள்தாம்.

தாளத்துக்கு அடிப்படை காலக்கணக்கு. தமிழில் அது உடம்பிலிருந்தே தொடங்குகிறது. ஓர் எழுத்தை ஒலிக்க ஆகும் மாத்திரைக்குத் தொல்காப்பியம் சொல்லும் அளவு, கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம். அந்த நொடிதான் இப்போது கடிகார நிமிடத்தின் அறுபதில் ஒரு பங்காகிவிட்டது. சிலப்பதிகாரத்தின் பழைய உரைகளில் தாளத்துக்குப் பாணி என்று பெயர். அதன் உறுப்புகள் கொட்டு, அசை, தூக்கு, அளவு என நான்கு. முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை. அசையும் தூக்கும் யாப்பிலக்கணத்திலும் வருவதைக் கவனிக்க வேண்டும். பாட்டின் இலக்கணமும் தாளத்தின் இலக்கணமும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

அந்த உறவு பிறகும் அறுந்துவிடவில்லை. 15-ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்ப் பாடல்களுக்கு இன்றும் பதிப்புகளில் 'தத்தன தனன' என்பதுபோலச் சந்தக்குழிப்பு அச்சிடுகிறார்கள். மிருதங்கமோ தவிலோ கற்கும் பிள்ளைக்கும் பாடம் முதலில் வாயில்தான் ஏறுகிறது. தகிட என்றால் மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து. எண்ணைச் சொல்லாமலேயே எண்ணக் கற்றுக்கொடுக்கும் முறை இது. இந்தச் சொற்கட்டை வாயாலேயே கச்சேரியாக்கியது கொன்னக்கோல்.

மேடையைவிட்டுத் தெருவுக்கு வந்தால் சொற்களின் முகம் மாறுகிறது. தற்பெருமை பேசுவது தம்பட்டம் அடிப்பது. காது கேளாதவரை டமாரம் என்கிறார்கள். வறுமையில் வாடுபவர் "சோற்றுக்குச் சிங்கியடிக்கிறார்", அல்லது "தாளம் போடுகிறார்". வீடு வீடாகப் பாடிப் பிழைத்தவர்களின் பசி அந்தத் தொடர்களில் இன்னும் கேட்கிறது. இரு தரப்பிடமும் அடிவாங்குபவருக்கு மத்தளத்தைக் காட்டி ஆறுதல் சொல்கிறது பழமொழி. சபையில் ஒலித்த லயம் மட்டும் "மனம் லயித்தது" என்று மரியாதையோடு புழங்குகிறது. எந்தக் கருவியை யார் வாசித்தார்கள் என்பதைப் பொறுத்தே சொல்லுக்கு மதிப்பு அமைந்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

பறையின் கதை இதை இன்னும் துலக்குகிறது. பறைதல் என்றால் பேசுதல். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் மலையாளத்திலும் இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. 'பறைசாற்றுதல்' செய்தித்தாளிலும் வருகிறது. ஆனால் பறையை அடித்தவர்களைச் சாதி ஊரின் ஓரத்திலேயே நிறுத்தியது. அந்தக் கருவிக்குத் தப்பு என்ற பெயரும் உண்டு. பிழை என்ற பொருளும் அச்சொல்லுக்கு இருப்பதால், கலைஞர்கள் பலர் பறையாட்டம் என்றே சொல்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை.

வைக்கோல் தீயில் தோலைக் காய்ச்சி, இடக்கையில் சிம்புக்குச்சியும் வலக்கையில் அடிக்குச்சியுமாக வாசிக்கும் அவர்களிடம் தாள வகைகளுக்குத் தனிப் பெயர்களே இருக்கின்றன: சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி, மருள் அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி. தேரோட்டம், சாமியாட்டம், சாவு என எந்த நேரத்துக்கு எந்த அடி என்பது பெயரிலேயே தெரிந்துவிடும். ஆதி, ரூபகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் இசைப் பாடநூல்களில் இந்த அடிகளும் ஏற வேண்டும். அவற்றைக் கையில் வைத்திருக்கும் ஆசான்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.