இறுதிப் பந்தயத்தின் தீர்ப்பு

இருவர் ஓராண்டு முழுவதும் போட்டியிட்டு, முடிவில் ஒரே அளவு புள்ளிகளோடு நின்றால் வெற்றி மாலையை எவர் கழுத்தில் சூட்டுவது? பள்ளிக்கூடத்து ஓட்டமாயின் இருவருக்கும் பரிசு கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் 1958-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதலாக நடத்தப்பெற்ற பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன் போட்டியில் இச்சிக்கல் மெய்யாகவே எழுந்தது. இன்று வீட்டறையில் கணினியின் முன் அமர்ந்து, அக்காலத்துக் கார்களைத் திரையில் ஓட்டி, இணையத்தின் வழியே ஒரு பருவம் முழுவதும் பொருதும் இளைஞர்களின் இறுதிப் பந்தயத்தைப் புரிந்துகொள்வதற்கு அந்தப் பழைய வழக்கே நல்ல வாயில் என்பது என் எண்ணம்.

சலூன் கார் என்பது பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட ஒற்றை இருக்கை வண்டி அன்று. கூரையும் கதவும் உடையது. குடும்பத்தோடு ஏறிச் சந்தைக்குப் போய் வருவதற்கு உரியது. பின்னாளில் இதனை டூரிங் கார் என்று வழங்கலாயினர். தம் வீட்டு வாசலில் நிற்கும் காரையே பந்தயத்திலும் காண்பதால் மக்களுக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. அந்நாளில் எஞ்சினின் அளவைக் கொண்டு கார்களை வகுப்புகளாகப் பிரித்திருந்தனர். அவரவர் தம் வகுப்பில் அடைந்த இடத்துக்கே புள்ளி. ஆகவே பெரிய காரின் பின்னால் வெகு தொலைவில் வருபவரும் தம் வகுப்பில் முதல்வராய் இருந்தால் முழுப் புள்ளி பெறுவார். 1961-இல் ஜான் விட்மோர் என்பவர் சின்னஞ்சிறு மினி காரில் பட்டத்தையே வென்றார் என்றால் இந்த ஏற்பாட்டின் பயன் விளங்கும்.

பயனோடு ஒரு குறையும் இருந்தது. 1958-இல் ஜாக் சியர்ஸ் ஆஸ்டின் வெஸ்ட்மின்ஸ்டர் காரையும், டாமி சாப்வித் அதனினும் வலிய 3.4 லிட்டர் ஜாகுவார் காரையும் ஓட்டினர். சாப்வித் வேறு யாருமல்லர். முதல் உலகப் போரில் புகழ்பெற்ற கேமல் விமானத்தைச் செய்த நிறுவனத்தின் தலைவருடைய மகன். இருவரும் தத்தம் வகுப்பில் வென்று வென்று, கடைசியில் புள்ளிகளில் சமமாக வந்து நின்றனர். வெவ்வேறு வகுப்பினர் ஆகையால் இன்னார் இன்னாரைவிட வல்லவர் என்பதற்கு அந்தப் பருவம் முழுவதிலும் சான்று இல்லை. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்போம் என்று ஒரு யோசனை எழுந்தது. அதனை எவரும் விரும்பவில்லை. விரும்பாததில் வியப்பென்ன? ஓராண்டு உழைப்பைப் பூவா தலையா என்று விடுவதற்கு எந்த வீரன் இசைவான்?

இறுதியில் கண்ட வழி எளிமையானது. பிராண்ட்ஸ் ஹாட்ச் பந்தயத் தடத்தில் ஒரே மாதிரியான இரண்டு ரைலி கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினர். இருவரும் ஐந்து சுற்று ஓட்ட வேண்டும். பிறகு காரை மாற்றிக்கொண்டு மீண்டும் ஐந்து சுற்று. இரண்டு ஓட்டங்களின் நேரத்தையும் கூட்டிப் பார்த்துக் குறைந்த நேரம் எடுத்தவருக்குப் பட்டம். ஒரு கார் மற்றதைவிட மயிரிழை விரைவாயினும் அந்த நன்மை இருவருக்கும் ஒரு முறை கிடைத்துவிடும். கார் என்னும் காரணத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, ஓட்டுபவர் திறமையை மட்டும் நிறுத்துப் பார்க்கும் தராசு அது. தடம் மழையில் நனைந்திருந்தது. அந்நாளைய பிராண்ட்ஸ் ஹாட்ச் ஒரு சுற்று ஏறத்தாழ 2 கிலோமீட்டர். எனவே மொத்தம் 20 கிலோமீட்டர் ஓட்டம். அதன் முடிவில் சியர்ஸ் 1.6 வினாடி முந்தியிருந்தார்; முதல் சாம்பியன் ஆனார். 1963-இல் மறுபடியும் பட்டம் பெற்றார் என்பதனால் அந்த 1.6 வினாடி வெறும் நல்லூழ் அன்று என்று கொள்ளலாம்.

இதனினும் நேர்மையான இறுதிப் பந்தயத்தை நான் அறியேன்.

ஆண்டுகள் உருண்டன. 1991-இல் வகுப்புகள் நீக்கப்பட்டன. எல்லாரும் 2 லிட்டர் கார்களையே ஓட்ட வேண்டும் என்றாயிற்று. இனி முன்னால் வருபவர் யார் என்பதைக் குழந்தையும் கண்டுகொள்ளும். ஆயின் ஒரு சிக்கலை நீக்கினால் வேறொன்று முளைக்கும் என்பதற்கு 1992-ஆம் ஆண்டின் கடைசிப் பந்தயம் சான்று. அக்டோபர் 4-ஆம் நாள் சில்வர்ஸ்டோன் தடத்துக்கு வந்தபோது பட்டம் பெறும் வாய்ப்பு மூவருக்கு இருந்தது: டிம் ஹார்வி, வில் ஹாய், ஜான் கிளீலண்ட். ஹார்வி ஓட்டியது பி.எம்.டபிள்யூ, கிளீலண்ட் ஓட்டியது வாக்ஸால் காவலியர். ஸ்டீவ் சோப்பர் என்பவரும் அன்று பி.எம்.டபிள்யூ ஓட்டினார். அவர் பட்டத்துக்குப் போட்டியிடவில்லை. ஆனால் ஹார்வியின் பக்கத்தவர்.

தொடக்கத்திலேயே மோதலில் சிக்கிப் பின்தங்கிய சோப்பர், ஒவ்வொருவராகத் தாண்டி, பட்டத்துக்குப் பொருதிக்கொண்டிருந்தவர்கள் நடுவே வந்து சேர்ந்தார். கிளீலண்டையும் கடந்தார். கடந்தபோது கிளீலண்ட் காட்டிய விரலைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. பிறகு ஹார்வி சோப்பரைத் தாண்டி முன்னே போனார். கிளீலண்ட், இரண்டு சக்கரம் தரையைவிட்டு எழும்படி ஒரு வளைவில் நுழைந்து, சோப்பரை முந்த முயன்றார். அடுத்த வளைவாகிய லஃபீல்டில் இருவர் காரும் மோதின. இருவரும் பந்தயத்தை இழந்தனர். ஆண்டி ரௌஸ் முதலிடம் பெற்றார். நான்காவதாக வந்த ஹார்வி சாம்பியன் ஆனார்.

மோதல் வேண்டுமென்றே நிகழ்ந்ததா? காட்சி இன்றும் கிடைக்கிறது. எத்தனை முறை வேண்டுமாயினும் போட்டுப் பார்க்கலாம். கார் எங்கே சென்றது என்பதைக் காமிரா காட்டும். மனம் எங்கே சென்றது என்பதைக் காட்டாது. ஆகவே எவர் மீதும் பழி கூற எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். பட்டத்தில் பங்கில்லாத ஒருவர் பட்டத்தின் போக்கை மாற்றக்கூடிய இடத்தில் நிற்பது இறுதிப் பந்தயத்துக்கே உரிய இடர்ப்பாடு. பருவத்தின் நடுவில் அதனை எவரும் பெரிதாக எண்ணமாட்டார்கள்.

இனிக் கணினிக்கு வருவோம். 1989-இல் அமெரிக்காவின் பாபிரஸ் நிறுவனத்தார் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தைக் கணினியில் அமைத்தனர். அதுகாறும் வந்த கார் விளையாட்டுகள் பெரும்பாலும் வேடிக்கையே. இதிலோ காரின் எடையையும் டயரின் பிடிப்பையும் கணக்கிட்டுப் பார்க்கும் முயற்சி இருந்தது. 1998-இல் அதே நிறுவனத்தார் 1967-ஆம் ஆண்டின் கிராண்ட் பிரீ பருவத்தை அப்படியே எழுப்பிக் காட்டினர். பழைய கார் என்பது கணினியின் முன் அமர்வோரை ஈர்க்கும் என்று அப்போதே தெரிந்தது. 2005-இல் சுவீடன் நாட்டு சிம்பின் நிறுவனத்தார் வெளியிட்ட ஜி.டி. லெஜண்ட்ஸ் என்பதில் மினியும் லோட்டஸ் கார்டினாவும் மஸ்டாங்கும் ஒரே தடத்தில் ஓடின. சியர்ஸ் 1963-இல் ஓட்டிய கார்களுள் லோட்டஸ் கார்டினாவும் ஒன்று! அதனை எந்த நாட்டுச் சிறுவனும் தன் மேசையின் முன் அமர்ந்து ஓட்டலாம் என்றாயிற்று. நேர்ச் சாலையில் மஸ்டாங் ஓடிவிடும். வளைவில் மினி அதன் வாலைப் பிடிக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்காகவே பலர் பழைய கார்களை நாடுகின்றனர்.

பலர் கூடிச் சங்கமாக அமைந்து, வாரந்தோறும் ஒரு தடம் என்று வகுத்து, புள்ளிப் பட்டியல் வைத்து, பருவத்தின் முடிவில் பட்டம் சூட்டுவது இன்று பல நாடுகளில் வழக்கம். இங்கே 1958-இன் தராசு முழுமை பெற்றது என்று தோன்றும். ஒரே மாதிரியான கார்களை ஓட்டினால் எண்ணுக்கு எண் ஒன்றாகவே இருக்கும். பிராண்ட்ஸ் ஹாட்சில் நின்ற இரண்டு ரைலிகள் அவ்வளவு ஒத்திருந்திரா.

ஆயின் உண்மை வேறு. ஒவ்வொருவர் கணினியும் தன் காரின் இயக்கத்தைத் தானே கணக்கிட்டு, அதன் இருப்பிடத்தை மற்றவர்க்கு அனுப்புகிறது. அந்தச் செய்தி வந்து சேர நேரமாகும். மணிக்கு 180 கிலோமீட்டர் ஓடும் கார் ஒரு வினாடியில் 50 மீட்டர் செல்லும். வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் 5 மீட்டர். மினி காரின் நீளமோ 3 மீட்டர் அளவே. அதாவது என் திரையில் என் பக்கத்தில் காணப்படும் கார் மெய்யாக ஒரு காரின் நீளத்துக்கும் மேல் முன்னால் போயிருக்கலாம். அந்த இடைவெளியைக் கணினி ஊகத்தால் நிரப்புகிறது. அதன் விளைவு யாதெனில், மோதல் நிகழ்ந்தால் இருவர் திரையிலும் இரு வேறு காட்சி. என் திரையில் அவர் என்னை இடித்தார். அவர் திரையில் நான் அவரை இடித்தேன். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே நடுவர்கள் இரு பக்கத்துப் பதிவையும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1992-இல் ஒரே காட்சி, பல கருத்து. இங்கே காட்சியே இரண்டு. அன்றியும் வளைவின் சுவரில் மோதினால் இங்கே எலும்பு முறியாது. கார் நசுங்கிய செலவும் இல்லை. அச்சம் என்னும் கடிவாளம் இல்லாத இடத்தில் கட்டுப்பாடு முழுவதும் ஓட்டுபவரின் நேர்மையைப் பொறுத்தது. ஆகவேதான் இறுதிப் பந்தயத்தில், பட்டத்துக்குப் பொருதும் இருவருக்கு மற்றவர்கள் சற்று வழிவிட்டு ஓட்டுவதை நான் கோழைத்தனம் என்று கருதமாட்டேன்.

சியர்ஸ் 2016-இலும் சாப்வித் 2019-இலும் மறைந்தனர். அவர்கள் தீர்த்த வழக்கு இணையத்தில் மறுபடி வருமாயின் கார்களை மாற்றிப் பயனில்லை. அவை முன்னமே ஒன்றுதான். வேறுபடுவன ஸ்டியரிங், பிரேக் மிதி, திரை, வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு ஆகியவை. 1958-இன் முறையை அப்படியே பின்பற்ற வேண்டுமாயின் முதல் ஐந்து சுற்று முடிந்ததும் இருவரும் எழுந்து, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போய் அமர வேண்டும்.