பதவி உயர்வு நாளும் சம்பளமும்: அமெரிக்க ரிசர்வ் அதிகாரிகளின் உரிமை வளர்ந்த வரலாறு

அமெரிக்கப் படைகளில் ஓர் அதிகாரியின் பதவி உயர்வு நாள் பிழையாகப் பதிவானால், அதைத் திருத்திக்கொள்ள இன்று சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த இடம் உருவாக ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. நாளைத் திருத்திக் கொடுக்க அரசு இசைந்த பிறகும், அந்த நாளிலிருந்து சேர வேண்டிய சம்பளத்தைக் கொடுக்கத் தயங்கியது என்பதே அதன் வரலாறு நெடுகக் காணப்படும் போக்கு. முழுநேரப் படையினருக்கு இந்தத் தயக்கம் படிப்படியாகக் குறைந்தது. மாதத்தில் ஒரு வார இறுதி சீருடை அணியும் ரிசர்வ் அதிகாரியைப் பொறுத்தவரை அது முற்றிலும் நீங்கவில்லை என்பது என் கருத்து.

உள்நாட்டுப் போரிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் புல் ரன் சண்டையில் கட்டளையை மீறினார் என்று ஜெனரல் ஃபிட்ஸ் ஜான் போர்ட்டர் 1863 ஜனவரியில் படையிலிருந்து நீக்கப்பட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, ஸ்கோஃபீல்டு தலைமையிலான ஆய்வுக்குழு அவர்மீது குற்றமில்லை என்றது. ஆனால் குழுவின் முடிவைச் செயல்படுத்த எந்த அலுவலகத்துக்கும் அதிகாரம் இல்லை. காங்கிரஸ்தான் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். 1884இல் வந்த மசோதாவைக் குடியரசுத் தலைவர் ஆர்தர் தடுத்துவிட்டார். அதிகாரியை நியமிப்பது குடியரசுத் தலைவரின் உரிமை, இன்னாரை நியமி என்று காங்கிரஸ் சொல்ல முடியாது என்பது அவர் கூறிய காரணங்களில் ஒன்று. 1886இல் கிளீவ்லாண்டு காலத்தில்தான் சட்டம் நிறைவேறியது. போர்ட்டர் மீண்டும் காலாட்படைக் கர்னலானார். பணிமூப்பு 1861 மே 14 முதல் என்று எழுதப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளுக்குச் சம்பளம் ஒரு காசும் இல்லை.

இந்தச் சட்டத்தில் இருக்கும் முரண் பிற்காலச் சட்டம் முழுவதிலும் எதிரொலிப்பதால் இதை நின்று கவனிக்க வேண்டும். அவர் 1861 முதல் கர்னல் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. கர்னலுக்கு உரிய சம்பளம் மட்டும் அந்த நாளிலிருந்து அவருக்கு உரியதல்ல என்கிறது. பதிவேட்டில் ஒரு நாள், கணக்குப் புத்தகத்தில் வேறொரு நாள்.

போர்ட்டருக்கு வாஷிங்டனில் ஆதரவு இருந்தது. ஆதரவு இல்லாதவர்களின் நிலைக்கு ஹென்றி ஃபிளிப்பர் சான்று. வெஸ்ட் பாயின்ட்டில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான அவர், டெக்சாஸின் ஃபோர்ட் டேவிஸில் நடந்த படை நீதிமன்ற விசாரணையில் பணம் கையாடவில்லை என்று விடுவிக்கப்பட்டும், அதிகாரிக்குத் தகாத நடத்தை என்ற குற்றச்சாட்டில் 1882இல் நீக்கப்பட்டார். 1898 முதல் மசோதா மேல் மசோதாவாகக் காங்கிரஸின் கதவைத் தட்டினார். எதுவும் தேறவில்லை. 1940இல் இறந்தார்.

இரண்டாம் உலகப் போர் இந்த ஏற்பாட்டைத் தாங்க முடியாததாக்கியது. 1945இல் சீருடையில் இருந்தவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். அவர்களில் சிறு பங்கினர் ஆவணப் பிழைக்காக மனுச் செய்தாலும் காங்கிரஸ் வேறு வேலை பார்க்க முடியாது. 1946 ஆகஸ்ட் 2 அன்று சட்டமான நாடாளுமன்றச் சீரமைப்புச் சட்டம், படை ஆவணங்களைத் திருத்தக் கோரும் தனி மசோதாக்களைத் தடை செய்தது. அதற்கு மாற்றாக, பிழையையோ அநீதியையோ நீக்க ஆவணத்தைத் திருத்தும் அதிகாரத்தைத் துறைச் செயலர்களுக்குக் கொடுத்தது. அவர்கள் சிவிலியன்களைக் கொண்ட வாரியங்கள் வழியாக அதைச் செலுத்த வேண்டும். படைத் தலைமையின் பிழையைப் படைத் தலைமையே விசாரிக்கக் கூடாது என்ற தெளிவு அதில் இருந்தது. ஃபிளிப்பரின் உறவினரும் ஆதரவாளரும் பிற்காலத்தில் அணுகியது இத்தகைய வாரியத்தைத்தான். 1976இல் அது அவரது நீக்கத்தை நற்சான்றுடன் கூடிய விடுவிப்பாக, 1882 ஜூன் 30 என்ற பழைய நாளிலேயே மாற்றி எழுதியது.

1946 சட்டம் ஆவணத்தைத் திருத்தச் சொன்னதே தவிர, திருத்தத்தால் எழும் தொகையைக் கொடுக்கச் சொல்லவில்லை. போர்ட்டர் காலத்துப் பிளவு புதிய சட்டத்துக்குள்ளும் புகுந்துகொண்டது. 1951 அக்டோபர் 25 அன்று வந்த திருத்தம்தான் இதை மாற்றியது. ஆவணம் திருத்தப்பட்டதன் விளைவாகச் சேர வேண்டிய சம்பளம், படிகள், ஓய்வூதியம் ஆகியவற்றைத் துறையே கொடுக்கலாம் என்றானது. பிழையை அறிந்த மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நீதி கருதி வாரியம் தாமதத்தைப் பொறுக்கலாம் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. இவையெல்லாம் 1956இல் தொகுக்கப்பட்ட படைச் சட்டத் தொகுப்பின் 1552ஆம் பிரிவாக இன்றும் நடப்பில் உள்ளன. தொகையைப் பெற்றுக்கொண்டால் அந்தக் கோரிக்கை முழுமையாகத் தீர்ந்துவிட்டதாகப் பொருள் என்ற வரியும் அதில் இருக்கிறது. கணக்கைச் சரிபார்க்காமல் பணத்தை வாங்கிக்கொள்ளும் அதிகாரிக்கு அது ஆபத்தான வரி.

ரிசர்வ் அதிகாரியின் நிலை இரண்டு வகையில் வேறுபட்டது. முதலாவது, அவர் சம்பளம் கணக்கிடப்படும் முறை. ஒரு பயிற்சி அமர்வுக்கு மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கு. ஒரு வார இறுதியில் வழக்கமாக நான்கு அமர்வுகள், ஆண்டுக்கு 48. அதோடு இரண்டு வாரம் ஆண்டுப் பயிற்சி. வந்த அமர்வுக்குத்தான் சம்பளம். 1999இல் பால்மர் வழக்கில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதி செய்தது: பகுதிநேர ரிசர்வ் படையினர் உண்மையில் செய்த பயிற்சிக்கே ஊதியம் கோரலாம். நிறுத்திவைக்கப்பட்டவர், தான் வந்திருக்கக்கூடிய பயிற்சிகளுக்காக நீதிமன்றத்தில் நிலுவை கேட்க முடியாது.

இரண்டாவது வேறுபாடு நேஷனல் கார்டு அதிகாரிகளுக்கு உரியது. அவர்கள் மாநிலத்துக்கும் கூட்டரசுக்கும் ஒரே நேரத்தில் ஊழியர்கள். 1916ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1933 திருத்தமும் வகுத்த ஏற்பாடு இது. மாநிலம் ஒரு கேப்டனை மேஜராக உயர்த்தலாம். அந்த உயர்வைக் கூட்டரசு அங்கீகரிக்கும்வரை கூட்டரசுக் கருவூலத்தின் கண்ணில் அவர் கேப்டன்தான்.

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்க்கலாம். மார்ச் தொடக்கத்தில் மாநிலம் ஓர் அதிகாரியை மேஜராக்குகிறது. கோப்பு தலைநகரில் மேசை மேசையாக நகர்ந்து செப்டம்பர் இறுதியில் அங்கீகாரம் வருகிறது. இடையில் ஏழு வார இறுதிகள், 28 அமர்வுகள். கோடையில் 15 நாள் பயிற்சி. ஆக 43 நாள் சம்பளத்தில் கேப்டனுக்கும் மேஜருக்கும் உள்ள வேறுபாடு, அதாவது ஒன்றரை மாத வேறுபாட்டுக்குச் சற்றுக் குறைவு. தொகை பெரிதல்ல. அதைக் காட்டி இப்பிரச்சினையைச் சிறிதென்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஏழு மாதமும் அவர் மேஜரின் பொறுப்பைச் சுமந்தார். பணிமூப்பு நாள் தள்ளிப்போவதால் அடுத்த தேர்வுக்குழுவின் முன் அவர் பெயர் போகும் ஆண்டே மாறலாம். லெப்டினன்ட் கர்னல், அதற்கு மேற்பட்ட பதவிகளில் பொதுவாக மூன்று ஆண்டுகள் பணியாற்றினால்தான் அந்தப் பதவியில் ஓய்வு பெறலாம். அந்த விளிம்பில் நிற்பவருக்குச் சில மாதங்கள் வாழ்நாள் ஓய்வூதியத்தையே மாற்றும்.

1954இல் ரிசர்வ் அதிகாரிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1994இல் இயற்றப்பட்டு 1996 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம் அதை மாற்றியமைத்தது. இந்தப் பிந்தைய சட்டத்திற்குள் இரண்டு மனநிலைகள் அருகருகே நிற்கின்றன. அலுவலகப் பிழையால் தேர்வுக்குழு ஒருவரைக் கருதாமல் விட்டால், சிறப்புத் தேர்வுக்குழு அவரை மறுபடி கருத வேண்டும் என்கிறது 14502ஆம் பிரிவு. தேர்வானால், முதல் குழுவே தேர்ந்தெடுத்திருந்தால் கிடைத்திருக்கும் அதே பணிமூப்பு நாள், அதே சம்பள நாள். போர்ட்டருக்கு மறுக்கப்பட்டது இங்கே முழுமையாகத் தரப்படுகிறது. ஆனால் 14308ஆம் பிரிவு, பணிமூப்பு நாள் உண்மையான உயர்வு நாளுக்கு முன்னதாக மாற்றப்பட்டாலும், சட்டம் வெளிப்படையாகச் சொன்னாலன்றிக் கூடுதல் சம்பளம் இல்லை என்கிறது. நேஷனல் கார்டு அதிகாரிக்கு அங்கீகாரம் கிடைத்த நாளே உயர்வு நாள் என்றும் அதே பிரிவு கூறியது.

இதனால் விண்ணப்பத்தின் வாசகமே முடிவைத் தீர்மானிக்கும் நிலை ஏற்பட்டது. வாரியத்துக்கு விண்ணப்பிக்கும் டிடி 149 படிவத்தில் பணிமூப்பு நாளைத் திருத்தக் கேட்பவருக்குப் பணிமூப்பு மட்டுமே கிடைக்கக்கூடும். பணமும் வேண்டுமென்றால், உயர்வு அமலுக்கு வந்த நாளையும் சேர்த்துத் திருத்தும்படி கேட்க வேண்டும். ஆவணங்கள் முறைப்படியே எழுதப்பட்டவை என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்குகிறது. அதை உடைக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. மாநில ஆணை, அந்தப் பணியிடத்தில் அமர்த்திய உத்தரவு, பயிற்சி வருகைப் பதிவு ஆகிய மூன்றும் கையில் இருந்தால் அவர் நிலை வலுவாகும்.

வாரியம் கைவிட்டால் நீதிமன்றம் உண்டு. வாரிய முடிவு தான்தோன்றித்தனமானதாகவோ போதிய சான்றில்லாததாகவோ இருந்தால் அதை நீதிமன்றம் நீக்கலாம் என்று 1983இல் சாப்பெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் பணம் கோரும் வழக்குக்கு ஆறு ஆண்டு வரம்பு உண்டு. ஒருவர் படையிலிருந்து நீக்கப்பட்டால் அந்த நாளிலிருந்தே ஆறு ஆண்டும் ஓடத் தொடங்கும், வாரியத்தில் மனு நிலுவையில் இருந்தாலும் நிற்காது என்று 2003இல் மார்டினெஸ் வழக்கில் முடிவானது. பொறுமையாக வாரியத்தின் பதிலுக்குக் காத்திருப்பவரைத் தண்டிக்கும் தீர்ப்பு இது.

அண்மையில் காங்கிரஸ் 14308ஆம் பிரிவையே திருத்தியிருக்கிறது. கோப்பு முழுமையாக வந்துவிட்டது என்று நேஷனல் கார்டு தலைமையகம் கருதிய நாளிலிருந்து அங்கீகாரம் நூறு நாளுக்கு மேல் தாமதமாகி, தாமதத்துக்கு அதிகாரி காரணமில்லை என்றால், உயர்வு நாளை முன்தேதியிடலாம். 2024 ஜனவரி 1க்கு முந்தைய மாநில உயர்வுகளில் இது துறைச் செயலரின் விருப்பம். அதற்குப் பிந்தையவற்றில் கட்டாயம்: கோப்பு முழுமையான நாள், உயர்பதவிக்கான பணியிடத்தில் அதிகாரி அமர்ந்த நாள் இரண்டில் எது பிந்தியதோ அதுவே உயர்வு நாள். அங்கீகாரத் தாமதத்தில் நாளையும் பணத்தையும் சேர்த்துத் திருத்தும் கடமையைச் சட்டமே விதித்தது பெரிய முன்னேற்றம். எனினும் கட்டாயம் தொடங்குவது கோப்பு முழுமையான நாளில். மாநிலத் தலைமையகத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கோப்பு கிடந்த வாரங்களும், நூறு நாளுக்குள் முடிந்துவிட்ட தாமதங்களும் இதற்குள் வரவில்லை. அந்த நாட்களின் சம்பளம் வேண்டுமென்றால் அதிகாரி இன்னமும் டிடி 149 படிவத்தை நிரப்பி வாரியத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.