பொறி வைத்த சில்லு

ஒரு சிலிக்கன் சில்லின் மின்சுற்றை வகுக்கப் பொறியியலாளர்கள் மாதக்கணக்கில் உழைப்பர். அதைத் திருடுபவரோ, மேலுறையை அமிலத்தால் கரைத்து, நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் படமெடுத்து வரைந்துகொள்வார். 1970களில் இதைத் தடுக்கத் தக்க சட்டம் இல்லை. காப்புரிமை புதிய கண்டுபிடிப்புக்குத்தான். தெரிந்த உறுப்புகளை அடுக்கிய விதத்துக்கு அன்று.

1976-ல் அமெரிக்காவின் சைலாக் நிறுவனம் இசட்-80 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. அதன் வடிவமைப்பாளர்களுள் ஒருவரான ஜப்பானியர் மசதோஷி ஷிமா, அதில் ஆறு பொறிகளை வைத்தார். எப்படி என்கிறீர்களா? ஒருவகை டிரான்சிஸ்டர், வாயில் முனையில் மின்னழுத்தம் தந்தால்தான் மின்னோட்டத்தை விடும். மற்றொரு வகை, தராமலே விடும். வேறுபாடு சிலிக்கனில் கலந்த மாசு அணுக்களில் இருக்கிறது. சாதாரண நுண்ணோக்கிப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வகை இருப்பதுபோல் தோன்றும் இடங்களில் ஷிமா இரண்டாம் வகையை வைத்துவிட்டார். படத்தை நம்பி வரைந்தவரின் சில்லு தப்பாக வேலை செய்யும்! நகலெடுத்த ஒரு நிறுவனத்துக்கு இதனால் ஆறு மாதத் தாமதம் நேர்ந்தது என்று அவரே பின்னாளில் கூறினார். பொறிக்கு ஒரு மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1984-ல் அமெரிக்கா சில்லு அமைப்புக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, பத்தாண்டுப் பாதுகாப்பு அளித்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் 2000-ல் வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கற்பதற்காகவும் ஆய்வதற்காகவும் சில்லைப் பிரித்துப் பார்ப்பதை இரு சட்டங்களுமே தடுக்கவில்லை.