மூன்று முள் பிளக்கும் மின்சார ஆலோசகர்களும்

மலேசிய, சிங்கப்பூர் வீடுகளின் சுவரில் உள்ள மின் சாக்கெட்டை உற்றுப் பார்த்தால், கீழ் இரண்டு துளைகளும் உள்ளே மூடியிருப்பது தெரியும். பிளக்கின் நீளமான மேல் முள் நுழைந்த பிறகே அந்த மூடி விலகும். தவழும் குழந்தை கொண்டை ஊசியைச் செருகினாலும் மின்சாரம் எளிதில் எட்டாது. இந்த ஏற்பாட்டின் பின்னணியில், வீட்டுப் பெண்களுக்கு மின்சாரத்தை விளக்கிச் சொல்வதையே பணியாகக் கொண்ட ஓர் இயக்கத்தின் அனுபவமும் இருக்கிறது.

மின்கம்பி வாசல்வரை வந்துவிட்டால் மட்டும் ஒரு வீடு மின்மயமாகிவிடுமா? ஆகாது என்பதை 1920களின் பிரிட்டன் காட்டியது. அங்கே அப்போது மின்வசதி பெற்றிருந்த வீடுகள் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மற்ற வீடுகளில் நிலக்கரி அடுப்பும் எரிவாயு விளக்கும் இருந்தன. மின்சாரம் என்றால் பயம். கட்டணம் எவ்வளவு வருமோ என்ற கவலை வேறு. ஊருக்கு ஊர் மின்னழுத்தம் மாறுபட்டதால், வீடு மாறியவர்கள் பழைய இஸ்திரிப் பெட்டியைப் புதிய வீட்டில் பயன்படுத்த முடியாமலும் போனது. மின் நிறுவனங்களில் இருந்தவர்களோ ஆண்கள். சமையலறையில் நாள் முழுவதும் நிற்பவரின் தேவை அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பப் பெண்களுக்கென ஓர் அமைப்பு வேண்டும் என்று மேபல் மேத்யூஸ் என்ற பெண் பொறியாளர் யோசனை சொன்னார். மின் துறையின் பெரிய அமைப்புகள் அதை ஏற்கவில்லை. பெண் பொறியாளர் சங்கத்தின் செயலாளராக இருந்த கரோலின் ஹேஸ்லட் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் கொதிகலன் நிறுவனம் ஒன்றில் அலுவலகப் பணியில் சேர்ந்து, பின்னர் பட்டறையில் பொறியியல் கற்றவர். 1924 நவம்பரில் லண்டனில் மகளிர் மின்சாரச் சங்கம் பிறந்தது. ஹேஸ்லட் அதன் இயக்குநரானார்.

ஊர் ஊராகக் கிளைகள் தோன்றின. மீட்டரைப் படிப்பது எப்படி, எரிந்துபோன ஃபியூஸை மாற்றுவது எப்படி, ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் எளிய மொழியில் கற்றுக் கொடுத்தார்கள். மின் அடுப்பில் சமைத்தும் காட்டினார்கள். அப்படிச் செய்முறை காட்டும் பெண்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்கப்பட்டன. 1934-ல் மகளிருக்கான மின்சாரக் கையேடு வெளிவந்தது. 1935-ல் பிரிஸ்டல் நகரில் முழுவதும் மின்சாரத்தால் இயங்கும் ஒரு மாதிரி வீட்டையே கட்டிக் காட்டினார்கள்.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் இத்தகைய முயற்சி நடந்தது. 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கிராமப்புற மின்மயமாக்க நிர்வாகத்தைத் தொடங்கினார். அதில் சேர்ந்த மனையியல் வல்லுநர் லூயிசன் மேமர், ஊர் ஊராகச் சென்று விவசாயக் குடும்பங்களுக்கு மின்சாதனங்களை இயக்கிக் காட்டினார். கூடாரம் அடித்து நடத்தப்பட்ட அந்தக் காட்சிகளை மக்கள் ‘மின்சார சர்க்கஸ்’ என்றே அழைத்தார்கள்.

இவர்கள் ஆலோசகர்களா, விற்பனையாளர்களா என்ற கேள்வி எழாமல் இல்லை. மின்சாரம் அதிகம் விற்றால் மின் துறைக்கு லாபம். பிரிட்டிஷ் சங்கத்துக்கு அத்துறையின் ஆதரவும் இருந்தது. ஆயினும் விளம்பரத்தோடு அதன் பணி நின்றுவிடவில்லை. உழைக்கும் மக்களின் வீடுகளில் மின்சாரம் எப்படிப் பயன்படுகிறது என்று ஆராய்ந்தது. பொறியாளர் சொல்வதை இல்லத்தரசிக்குப் புரிய வைத்ததைப் போலவே, இல்லத்தரசியின் குறையைப் பொறியாளரின் காதிலும் போட்டது.

அதன் பயன் போர்க்காலத்தில் தெரிந்தது. அப்போது பிரிட்டிஷ் வீடுகளில் 2, 5, 15 ஆம்பியர் என்று பல அளவுகளில் உருண்டை முள் பிளக்குகள் புழங்கின. போருக்குப்பின் கட்டப்படும் வீடுகளுக்கான மின் இணைப்பு முறையைத் திட்டமிட 1942-ல் ஒரு குழு கூடியது. அதில் இடம்பெற்ற ஒரே பெண் ஹேஸ்லட். குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி சாக்கெட்டுக்கு மூடி தேவை என்பது குழுவின் பரிந்துரைகளில் முக்கியமானது. தாமிரத்தைச் சிக்கனப்படுத்த ஒரே வளையக் கம்பியில் பல சாக்கெட்டுகளை இணைத்தார்கள். அதனால் ஒவ்வொரு பிளக்கிலும் தனி ஃபியூஸ் வைக்க வேண்டியதாயிற்று. இவற்றை உள்ளடக்கிய 13 ஆம்பியர் பிளக்கிற்கான பிரிட்டிஷ் தரம் 1363, 1947-ல் வெளியானது. பிரிட்டிஷ் ஆட்சியின் தொடர்பால் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்த அந்தப் பிளக்கே இன்றும் இங்கே புழக்கத்தில் உள்ளது.

1947-ல் ஹேஸ்லட்டுக்கு ‘டேம்’ பட்டம் கிடைத்தது. பிரிட்டிஷ் மின்சார ஆணையத்திலும் அவர் உறுப்பினரானார். 1957-ல் காலமானார். ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் வந்துவிட்ட நிலையில், மகளிர் மின்சாரச் சங்கம் 1986-ல் கலைந்தது.

ஆனால் ஆலோசகரின் தேவை அன்றோடு முடிந்துவிடவில்லை. கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவதா, எரிவாயு அடுப்பை விட்டு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறுவதா, மின்சாரக் காருக்கு வீட்டு வயரிங் தாங்குமா என்று குடும்பங்கள் இன்று கேட்கின்றன. பதில் சொல்ல முன்வருபவர் பெரும்பாலும் அந்தப் பொருளை விற்பவர்தான். கட்டணக் கணக்கையும் பாதுகாப்பையும் எடுத்துச் சொல்வதோடு, வீட்டிலிருப்பவர் சொல்வதைக் கேட்டு அதைத் தரநிர்ணயம் செய்பவர்களிடம் கொண்டுசேர்க்கும் ஆலோசகர்களும் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் அன்று இருந்ததால் குழந்தைகளுக்கு என்ன நன்மை விளைந்தது என்பதற்கு, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சான்று இருக்கிறது.